குளிரில் சிக்கிய பர்ப்பிள் மார்ட்டின்: சும்மா விடுவதா, கூட்டைச் சூடாக்குவதா, தீனி போடுவதா?

டெக்சஸ் முதல் ஒன்டாரியோ வரை, வீட்டுப் பின்புறத்தில் பர்ப்பிள் மார்ட்டின் என்ற பறவைக்காகக் கூட்டுக் குடுவைகளோ வீடுகளோ மாட்டிய கம்பம் வைத்திருக்கும் எல்லாரும் வசந்தத் தொடக்கத்தில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. பறவைகள் தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்துவிட்டன. வானிலை அறிக்கையோ அடுத்த நாலைந்து நாளைக்குக் குளிரும் மழையும் என்கிறது. இந்தப் பறவைக்குப் பறக்கும் பூச்சியைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. குளிரில் பூச்சி பறக்காது. என்ன செய்யலாம்?

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் சிலருக்கு, முந்தைய உரிமையாளர் விட்டுப்போன கம்பத்தோடு இந்தக் கேள்வியும் சேர்ந்தே வந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. கம்பக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பார் ஒருவர். கூட்டுக்குள் வெதுவெதுப்புக்கு ஏற்பாடு செய் என்பார் இன்னொருவர். முட்டையைப் பொரித்துப் போடு என்பார் மூன்றாமவர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூட்டுப் பறவைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தீனி போடுவதுதான் வழி, மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஆனால் தீனி போடும் திறமையைப் பறவைக்கும் நமக்கும் புயலுக்கு முன்பே பழக்கியிருக்க வேண்டும். புயல் வந்த மூன்றாம் நாள் ஆரம்பித்தால் பாதிதான் பலிக்கும்.

இந்தப் பறவை ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறது என்று தெரிந்தால்தான் எந்த வழி எதற்கு உதவும் என்று எடைபோட முடியும்.

பர்ப்பிள் மார்ட்டின் வட அமெரிக்காவின் தகைவிலான் (ஸ்வாலோ) இனங்களிலேயே பெரியது. பெரியது என்றாலும் எடை 50 கிராம்தான். வளர்ந்த ஆண் பறவை உடம்பு முழுக்கக் கருநீலமாக மின்னும். பெண்ணுக்கு வயிறு வெளுத்திருக்கும். தும்பி, வண்டு, ஈ, பறக்கும் எறும்பு என்று எல்லாவற்றையும் காற்றிலேயே பிடித்துக் காற்றிலேயே விழுங்கும். தானியத்தைத் திரும்பியும் பார்க்காது. ராக்கி மலைக்குக் கிழக்கே இருக்கும் மார்ட்டின்கள் அநேகமாக எல்லாமே மனிதர்கள் வைத்த வீடுகளில்தான் முட்டையிடுகின்றன. சாக்டா, சிக்கசா போன்ற பூர்வகுடி மக்கள் காய்ந்த சுரைக்குடுவைகளைக் கம்பத்தில் தொங்கவிட்டு இவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். பின்னால் குடியேறியவர்கள் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தக் குடுவை பிளாஸ்டிக்கில் வருகிறது, பல அறை கொண்ட அலுமினிய வீடும் வருகிறது.

குளிர்காலத்தை இவை பிரேசில் பக்கம், அமேசான் படுகையில் கழிக்கின்றன. 2007இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜெட் ஸ்டட்ச்பரி குழுவினர் பென்சில்வேனியாவில் சில மார்ட்டின்களின் முதுகில் வெளிச்சத்தைப் பதிந்து இருப்பிடத்தைக் கணிக்க உதவும் மிகச் சிறிய கருவியைக் கட்டி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்த ஒரு பெண் பறவை, போகும்போது பிரேசிலை அடைய 43 நாள் எடுத்துக்கொண்டிருந்தது. திரும்பி வர எடுத்துக்கொண்டது வெறும் 13 நாள். நல்ல இடத்தை முந்திப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் அது. அந்த அவசரத்தில் கொழுப்பையெல்லாம் எரித்துவிட்டு, கையிருப்பு இல்லாத உடம்போடுதான் வந்து இறங்குகிறது. அமேசானை விட்டுக் கிளம்பும்போது ஓஹாயோவில் என்ன வானிலை என்று அதற்கு எப்படித் தெரியும்?

வெப்பம் 50 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பூச்சிகள் பறப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். மேகம் விலகி மத்தியானம் கொஞ்சம் வெயில் அடித்தால் ஏரி, குளத்து நீரிலிருந்து சிறு பூச்சிகள் எழும்பும்; குளிர் நாட்களில் மார்ட்டின்கள் தண்ணீரை உரசுவதுபோலத் தாழப் பறப்பது இதற்காகத்தான். மழையும் காற்றும் சேர்ந்துகொண்டால் அதுவும் கிடையாது. சாப்பாடு இல்லாமல் நல்ல உடம்புள்ள பறவை மூன்று நான்கு நாள் தாக்குப்பிடிக்கும். களைத்து வந்த பறவைக்கு அத்தனை நாள்கூட இல்லை. அதனால் எந்த வழியாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் நடுவில் அந்தப் பறவையின் வயிற்றுக்குள் இது எதையாவது கொண்டு சேர்க்குமா?

விட்டுவிடுவது

இந்தப் பக்கம் பேசுபவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் வாதத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1996 மே மாதம் நெப்ராஸ்காவில் பல நாள் நீடித்த குளிரில் ஆயிரக்கணக்கான பாறைத் தகைவிலான்கள் செத்தன. அங்கே நெடுங்காலமாக அந்தப் பறவைகளை ஆராய்ந்துவந்த சார்ல்ஸ் பிரவுன், மேரி பாம்பர்கர் பிரவுன் இருவரும் செத்தவற்றையும் பிழைத்தவற்றையும் அளந்து பார்த்தார்கள். பிழைத்தவை சராசரியாக உடம்பில் பெரியவை என்று தெரிந்தது. அதாவது, அந்தச் சில நாள் குளிர் ஒரு சல்லடைபோல வேலை செய்திருக்கிறது. நாம் தீனி போட்டால் அந்தச் சல்லடையில் கை வைக்கிறோம் என்பது இவர்கள் கவலை. நியாயமான கவலைதான்.

ஆனாலும் எனக்கு இது மார்ட்டினுக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை. பாறைத் தகைவிலான் தன் மண்கூட்டைத் தானே கட்டிக்கொள்கிறது; ஒரு பாலத்தடியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கிழக்குப் பகுதி மார்ட்டினோ முழுக்க நம் கம்பத்தை நம்பி வாழ்கிறது. நாமே வீடு கொடுத்து, நாமே இடம் தேர்ந்து, அந்த இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வரும்படி பழக்கிவிட்டு, குளிர் வந்த நாளில் மட்டும் இயற்கை பார்த்துக்கொள்ளட்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. அதோடு, வயதுவந்த மார்ட்டின்கள் முந்தைய ஆண்டு இருந்த கம்பத்துக்கே வருகின்றன, குஞ்சுகள் பெரும்பாலும் வேறு இடம் தேடிப் போய்விடுகின்றன. எட்டு ஜோடி இருந்த கம்பத்தில் எல்லாமும் ஒரே வாரத்தில் செத்துப்போனால், அந்தக் கம்பம் பல ஆண்டு வெறுமையாகவே நிற்கலாம். 1972 ஜூனில் ஆக்னஸ் புயலின் தொடர்மழையில் பென்சில்வேனியாவிலும் சுற்றுப்புறங்களிலும் மார்ட்டின்கள் பெருமளவில் அழிந்தன. அது வலசைக் காலம்கூட இல்லை, கூட்டில் குஞ்சுகள் இருந்த நேரம். அந்தப் பகுதிகளில் மீண்டும் பழைய எண்ணிக்கை வரப் பல காலம் ஆயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. 1970க்குப் பிறகு வட அமெரிக்காவில் சுமார் 290 கோடிப் பறவைகள் குறைந்துபோயின என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் இனங்களும் அதில் சேர்த்தி. பூச்சி குறைந்ததற்கும், பொந்துள்ள பட்டமரங்களை வெட்டியதற்கும் நாம்தான் காரணம். இந்த நிலையில் சில நாள் தீனி போட்டுப் பறவையைக் காப்பது இயற்கையின் வேலையில் மூக்கை நுழைப்பதாகாது என்பது என் எண்ணம்.

சரி, விட்டுவிடுவது சரியாக இருக்கும் நேரமும் உண்டு. ஒரே ஒரு நாள் குளிர், மறுநாள் வெயில் என்று முன்னறிவிப்பு தெளிவாகச் சொன்னால் ஒன்றும் செய்ய வேண்டாம். முதல் நாளில் பறவையை அலைக்கழிக்காமல் இருப்பதே நல்லது.

வாசலை எப்போது திறப்பது

சிலர் வேறு யோசனை சொல்வார்கள். குளிர் முடியும்வரை குடுவைகளின் வாசலை அடைத்தே வைத்திருந்தால், பறவைகள் வரத் தாமதிக்கும் அல்லது தெற்கே திரும்பிப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். முதலில் வருபவற்றை ‘ஒற்றர்கள்’ என்று அழைக்கும் பழக்கத்திலிருந்து வந்த நினைப்பு இது. ஒற்று பார்த்துவிட்டுப் போய்க் கூட்டத்துக்குச் சொல்லும் என்பது வெறும் கதை. முதலில் வருபவை அந்தக் கம்பத்தின் மூத்த பறவைகள், அவ்வளவுதான். வாசல் அடைத்திருந்தாலும் அவை அங்கேதான் வரும். உள்ளே ஒதுங்க முடியாமல் கம்பியில் உட்கார்ந்து நனையும்.

அப்படியானால் எல்லா வாசலையும் திறந்து போட்டுவிடலாமா என்றால், அதிலும் சிக்கல். சிட்டுக்குருவியும் மைனா குடும்பத்து ஸ்டார்லிங்கும் முந்திக்கொள்ளும். சென்னையில் சிட்டுக்குருவிக்காகப் பெட்டி கட்டித் தொங்கவிடுகிறோம். இங்கே அதே குருவி மார்ட்டின் முட்டைகளைக் குத்தி உடைக்கிறது. இரண்டுமே இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை, குருவி 1851இல் புரூக்ளினிலும் ஸ்டார்லிங் 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலும்.

ஏற்கெனவே பறவை வரும் கம்பமாக இருந்தால், முதல் பறவை தலைகாட்டியதும் சில வாசல்களைத் திறங்கள், வர வர மற்றவற்றைத் திறங்கள். ஸ்டார்லிங் நுழைய முடியாத பிறை வடிவ வாசல் பொருத்தியிருந்தால் இன்னும் நிம்மதி. புதிதாகக் கம்பம் நட்டவர்களுக்கு நிலைமை வேறு. முதன்முறை இடம் தேடுபவை முந்தைய ஆண்டுக் குஞ்சுகள்தான். அவை மூத்தவற்றுக்கு நாலைந்து வாரம் பின்னால் வரும். அதுவரை அடைத்து வைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை, பெரும்பாலான குளிரும் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

வெதுவெதுப்பு

குளிர் என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது சூடு கொடுப்பது. அதில் உண்மையும் இருக்கிறது: உடம்பு சூட்டைக் காக்க எரிக்கும் கொழுப்பு குறைந்தால் பறவை அரை நாளோ ஒரு நாளோ கூடுதலாகத் தாங்கும். ஆனால் வயிற்றுக்குள் எதுவும் போகவில்லையே.

இதிலேயே இரண்டு விதம். ஒன்று, குடுவைக்குள் ஓரங்குல உயரத்துக்கு உலர்ந்த பைன் ஊசியிலையோ வைக்கோலோ பரப்புவது. செலவில்லாதது, கெடுதல் இல்லாதது, எல்லாரும் செய்யலாம். இதைப் பறவை வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மழை நேரத்தில் கம்பத்தை இறக்கி ஏற்றினால் ஒதுங்கியிருக்கும் பறவை பயந்து வெளியே பறந்துவிடும். இன்னொரு விதம், கைச்சூட்டுப் பொட்டலம், மின்விளக்கு, வெப்பக் கம்பி என்று வைப்பது. எனக்கு இதில் நம்பிக்கையில்லை. சிறிய அடைத்த அறைக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மழையில் நனையும் கம்பத்துக்கு மின்கம்பி இழுப்பது ஆபத்து. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குளிர் ராத்திரியில் பல பறவைகள் ஒரே அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகொள்ளும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாவதும் உண்டு. ஒரு குடுவை மட்டும் சூடாக இருந்தால் எல்லாமும் அதற்குள்ளேயே முண்டியடிக்கத்தானே செய்யும்?

காற்று அடிக்கும் திசைக்கு முதுகு காட்டும்படி கம்பத்தைத் திருப்பி வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தன் வாசல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு பறவைக்கும் தெரியும். திருப்பினால் குழம்பிப்போகும்.

தீனி

இனிதான் விஷயமே. தீனி போடுவதிலும் வழிகள் பல. எதை, எப்படி, எப்போது என்பதில்தான் பலன் இருக்கிறது.

முதல் சிக்கல், மார்ட்டினுக்கு அசையாத பொருள் சாப்பாடாகவே தெரியாது. தட்டு நிறையப் புழுவை வைத்துப் பக்கத்தில் கட்டினாலும், பழகாத பறவை அதன் மேலேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கும். சாப்பாடு காற்றில் வர வேண்டும். அதற்கு யாரோ கண்டுபிடித்த வழி, பிளாஸ்டிக் ஸ்பூனில் சில்வண்டை (கிரிக்கெட் பூச்சியை) வைத்து மேலே சுண்டிவிடுவது.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெரியவரிடம். குடையில்லாமல், தொப்பி போட்டுக்கொண்டு கம்பத்துக்கு இருபது அடி தள்ளி நிற்பார். இடது கையில் ஒரு டப்பா. ஸ்பூனின் காம்பை வலது கையால் பிடித்து, குழியில் சில்வண்டை வைத்து, இடது விரலால் நுனியைப் பின்னுக்கு வளைத்து விடுவார். சில்வண்டு வீட்டுக்கூரை உயரத்துக்குப் போய் ஒரு கணம் நின்று கீழே விழும். முதலில் எறிந்ததெல்லாம் புல்லில்தான் விழுந்தது. கம்பியில் இறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவை கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தன. அவர் அவசரப்படவில்லை. ஏதாவது ஒன்று இறகை விரித்துச் சும்மா ஒரு வட்டம் போடும்வரை காத்திருந்து, அது தலைக்கு நேரே வரும்போது சுண்டினார். பறவை வாலை விரித்து ஒரே திருப்பு திருப்பியது. சில்வண்டு கீழே வரவில்லை. அவ்வளவுதான், அடுத்த நிமிடத்தில் மூன்று நான்கு பறவைகள் தலைக்கு மேலே சுற்ற ஆரம்பித்துவிட்டன. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு எறிந்து பயனில்லை, பறக்கும் பறவைக்கு எறியுங்கள் என்று அவர் சொன்னதைத்தான் இன்றைக்கும் புதியவர்களுக்குச் சொல்கிறேன்.

கை வலிக்கும், நேரம் பிடிக்கும், பாதி புல்லில் விழும். ஆனால் பழகாத பறவைக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. ஸ்பூன் உயரம் போதவில்லை என்றால் உண்டிவில்லோ பிவிசி ஊதுகுழலோ பயன்படுத்துகிறார்கள். காலையிலேயே போய் நிற்க வேண்டாம். குளிரில் அவை உள்ளேயே கிடக்கும். முற்பகல் கழிந்து, இரை தேடிப் பார்க்கலாம் என்று வெளியே வரும் நேரம்தான் சரியான நேரம். சாயங்காலம் அடையும் முன் இன்னொரு முறை போட்டால் ராத்திரியைத் தாண்ட உதவும்.

அப்புறம் தட்டு. காற்றில் பிடிக்கப் பழகிவிட்டால், தட்டில் இருப்பதும் அதே சில்வண்டு என்று சீக்கிரமே கண்டுகொள்கின்றன. முதலில் ஒன்று தயங்கித் தயங்கி இறங்கும், அதைப் பார்த்து மற்றவை இறங்கும். தட்டு குடுவைகளின் உயரத்துக்கே இருக்க வேண்டும். இரைக்காக மார்ட்டின் தரைக்கு இறங்குவது அரிது. கயிற்றில் ஏற்றி இறக்கும் வகையாக இருந்தால் நிரப்புவது எளிது. விளிம்பு உயர்ந்திருந்தால் காற்றில் பறந்துபோகாது, அடியில் துளை இருந்தால் மழைநீர் தேங்காது. தனித் தட்டு இல்லாதவர்கள் அலுமினிய வீட்டின் திண்ணையிலேயே போடலாம். பெரிய கூட்டமாக இருந்தாலும், பகலில் வேலைக்குப் போகும் வீடாக இருந்தாலும், ஸ்பூன் மட்டும் கட்டுப்படியாகாது, தட்டுதான் கைகொடுக்கும். காலையில் நிரப்பிவிட்டுப் போய்விடலாம். குறை என்னவென்றால் ஸ்டார்லிங், நீலப்பறவை, மாக்கிங் பறவை எல்லாம் பங்குக்கு வரும்.

தட்டில் எதை வைப்பது? சில்வண்டு, மீல்வார்ம் என்னும் வண்டுப்புழு, முட்டை என்று மூன்று இருக்கின்றன.

என் முதல் தேர்வு சில்வண்டு. ஓணான், பல்லி வளர்ப்பவர்களுக்காகச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் அதே பூச்சிதான். பண்ணையிலிருந்து ஆயிரக்கணக்கில் மொத்தமாகவும் வரவழைக்கலாம். வளர்ந்த பெரிய அளவாகப் பார்த்து வாங்கி, வந்ததும் ஃப்ரீசரில் போட்டு, பைபையாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது ஒரு பையை எடுத்து வெந்நீரில் காட்டி வடித்தால் ஐந்து நிமிடத்தில் தயார். எறிய வாகான எடை, பறவைக்குப் பார்த்த மாத்திரத்தில் பூச்சி என்று தெரிகிறது. பத்து ஜோடி இருக்கும் கம்பத்துக்கு ஒரு நாளைக்கே சில நூறு தேவைப்படும் என்பதால் செலவு கொஞ்சம் கடிக்கும்.

மீல்வார்ம் தட்டுக்கு நல்லது. நெளிவதால் கண்ணில் படும். எறிவதற்கு மிகவும் சிறியது, காற்றில் அடித்துக்கொண்டு போய்விடும். நீலப்பறவைகளுக்கு இது உயிர் என்பதால் தட்டு சீக்கிரம் காலியாகும். உலர்த்தி விற்கும் மீல்வார்மை அப்படியே போடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள்.

முட்டையை நிறையப் பேர் நம்பமாட்டார்கள். பூச்சி தின்னும் பறவை பொரித்த முட்டை தின்னுமா என்று கேட்பார்கள். தட்டுக்குப் பழகிய மார்ட்டின் நன்றாகவே தின்னும். எண்ணெய், வெண்ணெய், உப்பு, பால் எதுவும் சேர்க்காமல் ஒட்டாத வாணலியில் நன்கு வேகவைத்துக் கிளறி, பட்டாணி அளவுக்குப் பிய்த்து, ஆறவைத்துப் போட வேண்டும். எண்ணெய் இறகில் பட்டால் குளிரைத் தாங்கும் சக்தி போய்விடும். மென்மையானது, ஈரமுள்ளது, புரதம் மிகுந்தது. பட்டினியில் கிடந்த வயிற்றுக்கு எளிது. முதல் நாளில் சில்வண்டோடு கலந்து வைத்துப் பழக்கினால் பிறகு முட்டையை மட்டும் வைத்தாலும் எடுக்கும். சில்வண்டு தீர்ந்த மூன்றாம் நாளில் வீட்டில் நிச்சயம் இருப்பது முட்டை என்பதால், இதற்கு நான் தரும் இடம் பெரியது.

தீனிக்குப் பழகிவிட்டால் பூச்சி பிடிக்க மறந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வெயில் வந்து பூச்சி எழும்பியதுமே அவை தட்டை விட்டுவிட்டு வானத்துக்குப் போய்விடுகின்றன. ஆனால் கற்றதை மறப்பதில்லை. ஒரு வசந்தத்தில் தட்டில் சாப்பிட்ட பறவை அடுத்த வசந்தத்தில் நேராகத் தட்டுக்கே வருகிறது, புதிதாக வந்தவை அதைப் பார்த்துக் கற்கின்றன. அதனால்தான் உயிர்போகும் குளிருக்குக் காத்திராமல், பசி இருந்தாலும் தெம்பு குறையாத ஒரு மூட்டமான நாளிலேயே ஸ்பூனை எடுத்துவிடுங்கள் என்கிறேன். மூன்றாம் நாளில் பறக்கவே தெம்பில்லாமல் குடுவைக்குள் கிடக்கும் பறவைக்கு எறிந்து என்ன பயன்?

கையில் எடுப்பது

தரையில் விழுந்து கிடக்கும் பறவையைப் பார்த்தால் வீட்டுக்குள் கொண்டுபோய் ஊட்டிவிடத்தான் மனம் சொல்லும். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டப்படி அமெரிக்காவில் அனுமதி இல்லாமல் மார்ட்டினை வைத்திருக்கக் கூடாது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், வாயைத் திறந்து ஊட்டத் தெரியாமல் ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். காற்றுத்துளையுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, பறவையை வைத்து மூடி, இருட்டான வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு, உரிமம் பெற்ற காட்டுயிர் மறுவாழ்வாளரிடம் உடனே சேர்த்துவிடுங்கள். அவர்களுடைய எண்ணைக் குளிருக்கு முன்பே தேடி எழுதி வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

உங்கள் கம்பத்துக்கு எது

ஊரைப் பொறுத்து முடிவு மாறும். ஃபுளோரிடாவுக்கு மார்ட்டின் ஜனவரி நடுவிலேயே வந்துவிடுகிறது, டெக்சஸுக்குப் பிப்ரவரியில், பென்சில்வேனியாவுக்கு ஏப்ரலில். தெற்கே குளிர் அடிக்கடி வராது, வந்தால் யாரும் தயாராக இருப்பதில்லை. 2021 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. டாலஸில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே தொடர்ந்து ஐந்து நாட்களுக்கும் மேல் இருந்தது. 16ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மின்சாரமும் இல்லாமல் மனிதர்களே நடுங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் டெக்சஸிலும் லூசியானாவிலும் சீக்கிரம் வந்திருந்த மார்ட்டின்கள் ஏராளமாகச் செத்தன. அப்படிப்பட்ட குளிரில் ஸ்பூனோடு வெளியே நின்றாலும் பறவை வெளியே வராது. தெற்கில் இருப்பவர்கள் குறைந்தபட்சம் ஃப்ரீசரில் இரண்டு பை சில்வண்டும், குடுவைக்குள் வைக்கோலும் ஜனவரிக்குள் தயாராக வைத்திருங்கள், முன்னறிவிப்பு வந்ததும் குளிர் தொடும் முன்பே வயிறு நிறைய வைத்து அனுப்புங்கள்.

வடக்கே நிலைமை வேறு. அங்கே ஏப்ரல், மே மாதங்களில் மூன்று நாலு நாள் ஈரக்குளிர் ஏறக்குறைய ஆண்டுதோறும் வரும். உயிரை ஒரேயடியாகக் குடிக்கும் உறைபனியாக இருக்காது, பட்டினியால் மெல்ல மெல்லத் தேயவைக்கும் குளிர். தீனி மிகுந்த பலன் தருவது இங்கேதான். வடக்கில் ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தால் தட்டு வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றிரண்டு ஜோடிதான் என்றால் ஸ்பூனும் முட்டையும் போதும்.

எப்போது ஆரம்பிப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. பகல் வெப்பம் 50 ஃபாரன்ஹீட்டைத் தாண்டாத முதல் நாள், கவனிப்பு மட்டும். பறவைகள் எவ்வளவு நேரம் வெளியே போகின்றன, சீக்கிரமே திரும்பி இறகை உப்பிக்கொண்டு உட்காருகின்றனவா என்று பார்ப்பேன். இரண்டாம் நாளும் அப்படியே என்றால் முற்பகலில் தீனி. மழையோடு காற்றும் இருந்தால் முதல் நாளே தொடங்கிவிடுவேன்.

குளிர் விலகிய முதல் வெயில் நாளில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. மத்தியானம் பறவைகள் இரைக்குப் போனதும் கம்பத்தை இறக்கி ஒவ்வொரு அறையையும் திறந்து பாருங்கள். உள்ளே செத்தது ஏதாவது இருந்தால், பிழைத்தவை அந்த அறைக்குள் மறுபடி நுழையாது. கையுறை போட்டு எடுத்துவிட்டு, நனைந்த வைக்கோலைக் கொட்டிப் புதிதாகப் பரப்பி, அவை திரும்பும் முன் கம்பத்தை ஏற்றிவிடுங்கள். அப்படியே ஃப்ரீசரில் எத்தனை பை மிச்சம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் ஒரு குளிர் போனால் மே மாதத்தில் இன்னொன்று வரலாம்.